ஒரு 'ஏலே'யும் இரண்டு நாய்களும்

எங்கள் வீட்டு நாய்க்குப் பெயர் கிடையாது. பத்து வருடமாகக் கிடையாது. காரணம் சோம்பேறித்தனம் இல்லை, சண்டை. என் வீட்டுக்காரர் கடற்கரையிலிருந்து ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு வந்த குட்டிக்கு அவர் ஒரு பெயர் சொன்னார், நான் ஒரு பெயர் சொன்னேன். அவர் சொன்னது கப்பல் கேப்டனுக்கு வைக்கிற பெயர் என்று நான் சிரித்தேன். நான் சொன்னது பிஸ்கட்டுக்கு வைக்கிற பெயர் என்று அவர் சிரித்தார். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. சண்டை முடிகிற வரைக்கும் கூப்பிட ஏதாவது வேண்டுமே என்று அவர் "ஏலே" என்றார். குட்டி காதை நிமிர்த்திக்கொண்டு ஓடி வந்தது. அவ்வளவுதான், அதுவே நிலைத்துவிட்டது. எங்கள் ஊரில் தம்பியை, கூட்டாளியை, தெருவில் போகிற எவனையும் கூப்பிடுகிற சொல் அது; பெண்களை என்றால் 'ஏளா'. எங்கள் வீட்டுக்குள் மட்டும் அது ஒருத்தனுக்கு உரியதாக இருந்தது.

வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். எட்டு ஒன்பது மாதம் கடலில், பிறகு இரண்டு மூன்று மாதம் மில்லர்புரத்து வீட்டில். மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். மற்ற நாட்களில் வீட்டில் நானும் அவனும்தான். கப்பலில் சிக்னல் கிடைத்தால் சாயங்காலம் வீடியோ காலில் வருவார். போனைத் தரையில் வைத்துச் சுவரோடு சாய்த்துவிடுவேன். அவர் "ஏலே" என்பார். இவன் எங்கே இருந்தாலும் ஓடி வந்து திரையை நக்குவான். என்னோடு இரண்டு நிமிடம் பேசினால் அவனோடு ஐந்து நிமிடம் பேசுவார். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு. பின்னால் நான் செய்ததில் அதற்கும் பங்கு இருக்கலாம் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்ப்பது துறைமுகத்துக்குப் போகிற சாலையில், ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில். எதிரே ட்ரெய்லர் லாரிகள் வரிசையாக நிற்கிற வெட்டவெளி. லாரிகளுக்கு அடியில் நிழலுக்குப் படுத்துக்கிடக்கும் நாய்களில் ஒன்று, வெள்ளையில் கறுப்புத் திட்டு விழுந்தது, ஒரு வயது இருக்கும், என்னிடம் ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டது என்ன, நான்தான் ஒட்டவைத்தேன். டீக்கடையில் தினமும் இரண்டு பொறை ரொட்டி வாங்கிப் போடுவேன். சாலையின் அந்தப் பக்கம் போய்ப் போட்டிருக்கலாம். வெயிலுக்குச் சோம்பல்பட்டு, ஆபீஸ் வாசலில் நின்றே ஸ்கூட்டி ஹாரனை அடிப்பேன். அவன் சாலையைக் கடந்து ஓடி வருவான். டீக்கடையில் நிற்கிற நாலு பேர் பார்த்துச் சிரிப்பார்கள், எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஒரு நாள் காலையில் ஹாரன் அடித்தேன். அவன் ஓடி வந்தான். காலி ட்ரெய்லர் ஒன்றும் வந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, பின்னங்காலோடு போயிற்று. நான் டிரைவரைத் திட்டினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அந்த மனிதர் பாவம், தலையைக் குனிந்துகொண்டு நின்றார். யாரைத் திட்ட வேண்டும் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

டீக்கடை அண்ணாச்சிதான் ஒரு நம்பர் கொடுத்தார். மாப்பிள்ளையூரணியில் ஒரு பெண், மெடிக்கல் கடையில் வேலை பார்க்கிறவள், அடிபட்ட தெரு நாய்களை எடுத்துக்கொண்டு போய் வைத்தியம் பார்ப்பாள். என் வயதில் பாதிதான் இருக்கும். ஆட்டோவில் வந்து அவனை ஒரு பழைய போர்வையில் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. ஒன்றரை மாதம் அவள் வீட்டில் கிடந்தான். ஒரு நாள் போனில், "இனிமே இவன ரோட்டுல விட முடியாதுக்கா. வண்டி வந்தா ஓடத் தெம்பில்ல. யாராச்சும் வீட்டுல வச்சுக்கிட்டா..." என்று ஆரம்பித்தாள். முடிக்க விடவில்லை. "நான் எடுத்துக்கிடுதேன் பிள்ள" என்றேன்.

வீட்டுக்காரரைக் கேட்கவில்லை. வீட்டில் இருக்கிறவனையும் கேட்கவில்லை.

கொண்டுபோவதற்கு முன்னால் அவள் வரிசையாகச் சொன்னாள். "நேரா வீட்டுக்குள்ள தூக்கிட்டுப் போயிராதீங்கக்கா. ரெண்டு பேரையும் வெளிய எங்கனயாச்சும் வச்சுப் பாக்க விடுங்க. ஒரு நாலஞ்சு நாள் தள்ளித் தள்ளி நடத்திக் கூட்டிட்டுப் போங்க. சோறு வச்சா பழையவனுக்கு மொதல்ல வைங்க. கொஞ்சுனாலும் அவன மொதல்ல கொஞ்சுங்க. அது அவன் வீடுல்லா?"

"சரி பிள்ள, சரி பிள்ள" என்று தலையாட்டினேன். மனதுக்குள், நாய்க்குப் போய் இத்தனை சம்பிரதாயமா என்று நினைத்தேன். பத்து வருடம் நாய் வளர்த்தவளுக்கு நேற்று பிறந்தவள் பாடம் எடுக்கிறாள் என்றும் நினைத்தேன். பெரிய தலைக்கனம் எனக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து நேராகப் போய் ஆட்டோவில் அவனைக் கொண்டுவந்தேன். நம் ஆள் வழக்கம்போல் கேட்டுக்குப் பின்னால் வாலாட்டிக்கொண்டு நின்றான். நான் புதியவனை இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு, பழையவனின் தலைக்கு மேலாகவே, முன்வாசல் வழியாக உள்ளே போனேன். தொங்கிக்கொண்டிருந்த கோணல் காலை மோந்து பார்த்துக்கொண்டே பழையவன் பின்னால் வந்தான். தொண்டைக்குள் ஒரு உறுமல் கேட்டது.

"ஏலே, சும்மா இரு" என்றேன்.

காலடியில் நின்றவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். இடுப்பில் இருந்தவனும் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. லாரி நிற்கிற இடத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை காதில் விழுவது அந்த ஒரு சொல்தான். டிரைவர்கள் ஒருவரையொருவர் ஏலே என்பார்கள், கிளீனரை ஏலே என்பார்கள், மிச்சம் வைத்த பரோட்டாவை நாய்க்குப் போடும்போதும் "இந்தாலே" என்பார்கள். இவனுக்கும் அதுதான் பெயர். ஒரே பெயருள்ள இரண்டு பேரை ஒரு வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மகளுக்குப் போன் போட்டு அதைச் சொல்லிச் சிரித்தேன்.

அன்று மத்தியானம் சாளை மீனை வேகவைத்துச் சோற்றில் பிசைந்தேன். எங்கள் வீடுகளில் வந்தவர்களை முதலில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டுவிட்டுத்தான் வீட்டு ஆட்கள் உட்காருவோம். அப்படித்தான் என்னை வளர்த்தார்கள். விருந்தாளிக்குப் பெரிய துண்டு, வீட்டுப் பிள்ளைக்கு வால் பக்கம். வயிறு காய்ந்தாலும் வீட்டுப் பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது. அதே கை, அதே பழக்கம். புதியவனுக்கு முதலில் வைத்தேன். அதுவும் பழையவனின் தட்டிலேயே வைத்தேன், புதுத் தட்டு வாங்க மறந்துவிட்டேன். வைத்துவிட்டு "ஏலே, வா" என்றேன்.

இரண்டு பேரும் வந்தார்கள். பழையவனுக்கு அது பத்து வருடத் தட்டு, பத்து வருடச் சொல். அவன் வந்ததில் என்ன தப்பு? நான் காலால் அவனைத் தள்ளி, "நீ இல்ல, இரு" என்றேன். அவன் நம்பாமல் இன்னொரு முறை வந்தான். புதியவன் சாப்பிட்டுக்கொண்டே சீறினான். அடுத்த நொடி பழையவன் அவன் காதைக் கவ்விவிட்டான்.

சுவரில் சாய்த்திருந்த வாரியலை எடுத்து அடித்தேன். பழையவனைத்தான். முதுகில் மூன்று அடி. ஈர்க்குச்சி வாரியல் இல்லை, மொட்டைமாடி பெருக்குகிற கட்டை வாரியல். அதுவரை அவன்மேல் நான் கை ஓங்கியதுகூட இல்லை. அவன் கத்தவில்லை, ஓடவும் இல்லை. வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு படுத்தான். படுத்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டான்.

"முடமா கிடக்கவன கடிக்கியே, உனக்கு வெக்கமா இல்லையா?" என்று அவனைப் பார்த்துக் கத்தினேன். முடமாக்கியது நான். வெட்கப்பட வேண்டியது அவனாம்.

அவனைப் புறவாசலில் கயிறு போட்டுக் கட்டினேன். அவன் கழுத்தில் கயிறு ஏறியது அதுதான் முதல் தடவை. சாயங்காலம் வீட்டுக்காரர் வீடியோ காலில் வந்தார்.

"ஏளா, அவன எங்க?"

"தூங்குதான்."

"இந்நேரம் தூங்க மாட்டானே."

"வயசாகுதுல்லா" என்றேன். புறவாசல் தெரியாதபடி போனைத் திருப்பி வைத்துக்கொண்டேன்.

காதில் சின்னக் காயம்தான், இரண்டு நாளில் ஆறிவிட்டது. மாப்பிள்ளையூரணிப் பெண் வந்து பார்த்தாள். கயிற்றைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. நான் ஏலே விஷயத்தைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "புதுசா ஒரு பேரு வச்சிருங்கக்கா இவனுக்கு. சின்னவன்தான், ஒரு வாரத்துல பழகிருவான். பெரியவனுக்கு அதே இருக்கட்டும்" என்றாள்.

சரியான பேச்சு. ஒரு வாரம் பொறை கையில் வைத்துக்கொண்டு ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் செய்யவில்லை. அவனைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கோணல் கால்தான் கண்ணில் படும். காலையும் எடுத்துவிட்டேன், இருந்த இடத்தையும் எடுத்துவிட்டேன், அவனிடம் மிச்சம் இருப்பது அந்தச் சொல் ஒன்றுதான், அதையும் பிடுங்குவதா என்று எனக்குத் தோன்றியது. நன்றாகத்தான் தோன்றியது. அந்த இரக்கத்தை யார் பங்கிலிருந்து எடுத்துக் கொடுக்கிறேன் என்று மட்டும் தோன்றவில்லை. தோன்றியிருக்கும். பெரியவன் புத்திசாலி, பழகிக்கொள்வான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். எதுவும் சொல்லாமல் பொறுத்துக்கொள்கிறவன் தலையில்தானே எல்லாவற்றையும் ஏற்றுகிறோம்.

ஆக, நான் பழக்கியது பெரியவனை. கயிற்றை அவிழ்த்துவிட்டு "ஏலே" என்பேன், இரண்டு பேரும் வருவார்கள். பெரியவன் பாதி தூரம் வந்ததும் உள்ளங்கையை நீட்டி, "நீ இல்ல, இரு" என்பேன். நின்றுவிட்டால் ஒரு துண்டு மீன். நிற்காவிட்டால் வாரியலை எடுக்க வேண்டியதில்லை, அது இருக்கிற பக்கம் பார்த்தாலே போதும். பத்துப் பன்னிரண்டு நாளில் கற்றுக்கொண்டான். எனக்கு என் சாமர்த்தியத்தில் திருப்தியாகக்கூட இருந்தது. பதிலுக்கு அவனுக்கு வேறு சொல் ஒன்று கொடுத்தேனா என்றால் இல்லை. சாப்பிடக் கூப்பிட வேண்டுமானால் தட்டைத் தட்டுவேன். மற்றபடி அவனிடம் நான் சொல்கிற ஒரே வார்த்தை 'இரு' என்றாகிவிட்டது.

நாய்கள் இரண்டும் சமாதானமாகிவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும். அதில் என் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை. ஒரு மழை நாளில் இடிக்குப் பயந்து சின்னவன் கட்டிலுக்கு அடியில் போய் நடுங்கிக்கொண்டிருந்தான். மழைக்காகக் கயிற்றை அவிழ்த்து உள்ளே விட்டிருந்த பெரியவன் எழுந்து போய் அவன் பக்கத்தில் முதுகை ஒட்டிப் படுத்தான். மறுநாள் கயிற்றைத் தூக்கி எறிந்தேன். அதற்குப் பிறகு ஒரே சாக்கில்தான் தூக்கம். சின்னவனின் கோணல் காலைப் பெரியவன் நக்கிக் கொடுப்பான். பார்க்க வருகிறவர்கள், "எப்படிங்க இப்பிடி ஒத்துமையாப் பழக்குனீங்க?" என்று கேட்பார்கள். நான் அடக்கமாகச் சிரிப்பேன்.

வீட்டுக்காரரிடம் ஒரு வாரம் கழித்துத்தான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நல்லதுதான ளா. நம்மாளு என்ன சொல்லுதான்?" என்று கேட்டார். "அவனுக்கென்ன, ராஜா மாதிரி இருக்கான்" என்றேன். அதன் பிறகு சாயங்காலங்களில் அவர் "ஏலே" என்றால் சின்னவன் நொண்டிக்கொண்டே ஓடிப்போய்த் திரையில் மூக்கை வைப்பான். பெரியவன் கதவு ஓரத்தில் நின்று பார்ப்பான். போனில் வருவது அவனுடைய ஆளின் குரல், சொல் மட்டும் அவனுடையது இல்லை. ஒரு காலை முன்னால் வைப்பான், என் முகத்தைப் பார்ப்பான், எடுத்துவிடுவான். நான் அப்போது ஒன்று செய்திருக்கலாம். போனை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கலாம். சில நாள் அடுப்பில் வேலை இருந்தது. சில நாள் இல்லை, ஆனாலும் போகவில்லை. வீட்டுக்காரர் "பெரியவன எங்க?" என்று கேட்கும்போதெல்லாம் "தூங்குதான்" என்பேன். மாதக்கணக்கில் அந்த நாய் தூங்கிக்கொண்டே இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வரிசையில் நிற்கும்போது சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு நின்றேன். முழங்காலிட்டதும், கோபப்பட்டேன் சாமி, பொய் சொன்னேன் சாமி, பொறாமைப்பட்டேன் சாமி என்று மொத்தமாகச் சொல்லி முடித்துவிட்டேன். யாரிடம் பொய், யார்மேல் பொறாமை என்று அவர் கேட்கவில்லை. நாய் விஷயத்தைப் போய் இங்கே சொல்வதா என்று ஒரு கூச்சம். சொன்னால் சாமியார் சிரித்துவிடுவாரோ என்று பயம். சிரித்து மன்னித்துவிட்டால் அது இன்னும் மோசம் என்றும் இருந்தது.

ஒன்பதாவது மாதம் வீட்டுக்காரர் கப்பலிலிருந்து இறங்கினார். மதுரையில் விமானம் இறங்கி, காரில் மத்தியானம் வந்து சேர்ந்தார். முந்தின வருடங்களில் கார் தெரு முனையில் திரும்பும்போதே பெரியவன் கேட்டின்மேல் ஏறி நிற்பான். அன்றும் காரின் சத்தத்துக்கு எழுந்தான், வாலும் ஆடியது. நடைக்கும் கேட்டுக்கும் நடுவே நின்றான். வீட்டுக்காரர் பெட்டியைக் கீழே வைத்து, கேட்டைத் திறந்து, இரண்டு கையையும் விரித்து, "ஏலே!" என்றார்.

சின்னவன் பாய்ந்து போனான். நேரில் முன்னே பின்னே பார்த்திராத மனிதரின் முழங்காலைக் கட்டிக்கொண்டு குதித்தான். பெரியவன் நின்ற இடத்தில் நின்றான். அவரைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். போகலாமா என்று கேட்கிற பார்வை அது.

அவர் சின்னவனைத் தடவிக்கொண்டே இன்னொரு முறை கூப்பிட்டார். வால் ஆடியதே தவிர கால் நகரவில்லை. "ஏளா, இவனுக்குக் காது கேக்கலையா?" என்றார்.

ஆமாம், வயசாகிவிட்டது என்று சொல்ல வாய் திறந்தேன். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பத்து வருடமாக அந்த மனிதர் கடலில் இருந்துகொண்டு போனில் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்ட நாய், அவர் கண்ணெதிரே நிற்கிறது, என்னைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது.

"காது நல்லாத்தான் கேக்குது" என்றேன். "கூப்பிட்டா வராதன்னு நான்தான் பழக்கி வச்சிருக்கேன்."

அவருக்குப் புரியவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஹாரன், தட்டு, வாரியல், கயிறு, தூங்குதான் என்று சொன்ன பொய்கள் எல்லாவற்றையும். கார் டிரைவர் மிச்சப் பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு, குடும்பத் தகராறு என்று நினைத்தாரோ என்னவோ, சத்தம் போடாமல் போனார். வீட்டுக்காரர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு திட்டி, அதோடு கொஞ்சம் ஆறியிருப்பேன். அவர் பெரியவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ கூப்பிடு ளா" என்றார் கடைசியில். "நீ சொன்னாத்தான் வருவான்."

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து, சின்னவனைப் பிடித்துத் தன் மடியில் இருத்திக்கொண்டார். நான் நடைப்படியில் இருந்து, "ஏலே" என்றேன். பெரியவன் சின்னவனைப் பார்த்தான். கூப்பிட்டது அவனை என்று நினைத்திருக்க வேண்டும். "உன்னத்தாம்லே, வா" என்றேன். முதலில் ஒரு அடி வைத்தான். பிறகு இன்னொரு அடி. தலையைத் தாழ்த்திக்கொண்டு, காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு வந்தான்.

நடுவழியில் நின்றுவிட்டான். நான் கையை நீட்டவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனாகவே பின்னங்காலை மடக்கி உட்கார்ந்து, என் கையில் மீன் இருக்கிறதா என்று பார்த்தான்.

மிச்ச தூரம் நான்தான் நடந்து போனேன்.